“சாயா டித்தாங்காப் கே?”: போலீசிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

இரவு 11 மணிக்கு மேல் எனக்குப் போன் வந்தால் பெரும்பாலும் ஒரே சேதிதான். “அண்ணே, பையனைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க.” யார் பிடித்தது, எந்த ஸ்டேஷன், என்ன கேஸ் என்று கேட்டால் பதில் வராது. அழுகைதான் வரும். பிடிபட்டவனும் கேட்டிருக்க மாட்டான், பார்த்துக்கொண்டு நின்றவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன். மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறேன். மலாயில் எழுதப் படிக்க வரும் என்பதால் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து ஆட்கள் கூப்பிடுவார்கள். ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் கூடவே போய் நின்று, வக்கீல்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். தோட்டத்தை விட்டு இப்போதுதான் டவுனுக்கு வந்தவர்கள், புதிதாக ஐசியும் (அடையாள அட்டை) மோட்டார் லைசென்சும் எடுத்த பிள்ளைகள், தமிழ்நாட்டில் இருந்து பெர்மிட்டில் வந்து வேலை பார்ப்பவர்கள் இவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குப் போலீஸ் பயம் பழையது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. விசாரணையே இல்லாமல் ஆட்களைப் பிடித்து வைக்கலாம் என்ற சட்டமும் வந்தது. அந்தக் காலத்தில் லயத்தில் வளர்ந்த எங்கள் பெரியவர்கள், “மாத்தா (போலீஸ்) வந்தா தலையைக் குனிஞ்சுக்கோ, கேட்டதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லு” என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அன்றைக்கு அதில் நியாயம் இருந்திருக்கலாம். இன்றைக்கு அந்த “ஆமாம்” பல பிள்ளைகளின் வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறது. பணிவு வேறு, எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவது வேறு.

முதல் வேலை: எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வது

போலீஸ் உங்களிடம் பேசினால் நீங்கள் மூன்று நிலைகளில் ஒன்றில் இருப்பீர்கள். சும்மா நிறுத்திக் கேட்கிறார்கள். அல்லது ஒரு கேஸில் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். அல்லது கைது செய்திருக்கிறார்கள். மூன்றுக்கும் சட்டம் வேறு, உங்கள் கடமை வேறு, உரிமை வேறு. அதனால் வாயைத் திறந்ததும் கேட்க வேண்டியது இதுதான்:

“துவான், சாயா டித்தாங்காப் கே?” ஐயா, நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா?

இல்லை என்று சொன்னால் அடுத்தது: “போலே சாயா பெர்கி?” நான் போகலாமா?

ஆமாம் என்றால்: “அத்தாஸ் கெசாலாஹான் ஆப்பா, துவான்?” என்ன குற்றத்துக்காக?

குரலை உயர்த்தாமல், கையைப் பாக்கெட்டுக்குள் விடாமல், “துவான்” சேர்த்துக் கேளுங்கள். இந்தக் கேள்விக்காக யாரும் கோபப்பட வேண்டியதில்லை. கைது செய்தவருக்குக் காரணத்தைக் கூடிய சீக்கிரம் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதியிலேயே இருக்கிறது.

வாயால் “கைது” என்று சொல்லாவிட்டாலும், கைவிலங்கு போட்டாலோ போக விடாமல் தடுத்து வண்டியில் ஏற்றினாலோ அது கைதுதான். அந்த நேரத்தில் ஓடாதீர்கள், முரண்டு பிடிக்காதீர்கள். தப்பே செய்யாத பையன்கூட ஓடினால், அதற்குப் பிறகு அவன் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். தடுக்கப் பார்த்தால், வேலை செய்ய விடாமல் இடைஞ்சல் செய்தான் என்று தனியாக ஒரு கேஸ் வரும்.

ரோட்டில் நிறுத்தினால்

ஐசியைக் காட்டச் சொன்னால் காட்டத்தான் வேண்டும். ஐசி இல்லாமல் நடமாடுவது இங்கே சின்ன விஷயம் இல்லை. 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசி, பச்சை ஐசி வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தோட்டப்புறங்களில் பிறப்புப் பத்திரச் சிக்கலால் இன்னும் அந்த ஐசியோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். பேர், விலாசம் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

யூனிஃபாரம் போடாதவர் வந்து “போலீஸ்” என்றால், “போலே சாயா தெங்கோக் காட் குவாசா, துவான்?” என்று கேட்டு அவருடைய அட்டையைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நீல அட்டை என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும். மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழ். வெள்ளை என்றால் ரிசர்வ் போலீஸ். சிவப்பு அட்டை என்றால் அவர் வேலையில் இருந்து நிறுத்திவைக்கப்பட்டவர். உங்களை நிறுத்தவோ சோதிக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. பேரையும் நம்பரையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். யூனிஃபாரம் போட்டவர் என்றால் யூனிஃபாரத்தில் பேரும் நம்பரும் இருக்கும், வண்டிக்கும் பிளேட் நம்பர் இருக்கும்.

சமன், அதாவது அபராதச் சீட்டு, கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் கட்டலாம், கோர்ட்டில் எதிர்த்தும் பேசலாம். “கோப்பிக் காசு” மட்டும் நீட்டாதீர்கள். லஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் அதற்கு 20 ஆண்டு வரை சிறை. 150 வெள்ளி சமனுக்குப் பயந்து 50 வெள்ளி நீட்டுகிற பையனுக்கு இது தெரிவதே இல்லை. அவர்களாகவே கேட்டால் இடம், நேரம், பேர் குறித்துக்கொண்டு ஊழல் தடுப்பு ஆணையமான எஸ்.பி.ஆர்.எம்-க்கு 1-800-88-6000 என்ற எண்ணில் சொல்லலாம்.

தோட்டத்து ஜாகா (காவலாளி) பிடித்தால்

இது நம் ஊருக்கே உரிய விஷயம். செம்பனை உதிரிப்பழத்தைச் சாக்கில் கட்டி மோட்டாரில் கொண்டுபோனான் என்று ஜாகா பிடிப்பார். சாதாரண செக்யூரிட்டி ஜாகா போலீஸ் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (இனி வெறும் பிரிவு எண் மட்டும் வந்தால் இதே சட்டம்தான்) 27-ஆவது பிரிவின்படி, தன் கண்ணெதிரே நடக்கும் பெரிய குற்றத்துக்கு எந்தத் தனிமனிதரும் ஆளைப் பிடிக்கலாம். ஆனால் தாமதம் இல்லாமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். ஜாகா கொட்டகையில் விடியவிடிய உட்கார வைப்பதற்கும், மிரட்டி “நான்தான் திருடினேன்” என்று எழுதி வாங்குவதற்கும், அடிப்பதற்கும் அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அப்படி ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். “போலீசைக் கூப்பிடுங்கள்” என்று நீங்களே கேளுங்கள். இந்த இடத்தில் போலீஸ் வருவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. தோட்டக் கம்பெனி வைத்திருக்கும் துணைப் போலீஸ், அதாவது போலீஸ் பந்துவான், வேறு வகை. தோட்ட எல்லைக்குள் அவர்களுக்குப் போலீஸ் அதிகாரம் உண்டு. ஆனாலும் அவர்களும் உங்களை ஸ்டேஷனில்தான் ஒப்படைக்க வேண்டும்.

சோதனை

பெண்ணைப் பெண் போலீஸ்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியத்தோடு. இதை அவர் கேட்டு வாங்கத் தேவையில்லை, சட்டமே சொல்கிறது. துணியை அவிழ்த்துச் சோதிக்க இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும். வீட்டைச் சோதித்தால் வீட்டுக்காரர் கூடவே நின்று பார்க்கலாம். எடுத்துப்போகும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், கேட்டால் உங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும். கேளுங்கள். காசு, நகை, போன் எடுத்தால் பட்டியலில் அது இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

போனைத் திறந்து காட்டச் சொன்னால், எந்த கேஸுக்காக என்று கேளுங்கள். ஒரு கேஸின் சோதனையில் பாஸ்வேர்டு கேட்க 116பி பிரிவு இடம் தருகிறது.

சிறுநீர்ச் சோதனைக்குக் கூட்டமாக அழைத்துப் போவதும் நடக்கும். பாட்டில் காலியாக, சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கண் முன்னே மூடி, சீல் வைத்து, உங்கள் பேரும் ஐசி நம்பரும் சரியாக எழுதப்பட்டதா என்று பாருங்கள். இருமல் மருந்தோ வேறு மாத்திரையோ சாப்பிட்டிருந்தால் அப்போதே சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், கிளினிக் சீட்டு இருந்தால் வீட்டில் இருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். போதைப்பொருள் உட்கொண்டதாக முடிவானால், அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. ஒரு பாட்டில் மாறினால் இத்தனையும் வேறு ஒருவன் தலையில் விழும்.

சாட்சியாகக் கூப்பிட்டால்

“சும்மா ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ, கொஞ்சம் பேசணும்” என்று போனில் சொல்வார்கள். போகலாம், ஒத்துழைக்கலாம், ஆனால் யார் கூப்பிடுகிறார், என்ன கேஸ், ரிப்போர்ட் நம்பர் என்ன என்று கேட்டுவிட்டுப் போங்கள். கட்டாயம் வர வேண்டும் என்றால் 111-ஆவது பிரிவில் எழுத்துமூலம் உத்தரவு தருவார்கள். அப்படி வந்தால் கட்டாயம் போங்கள். போகாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி வாரண்ட் வாங்க முடியும். தனியாகப் போகாதீர்கள். கூட வருபவர் உள்ளே உட்கார முடியாவிட்டாலும், வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்பதே தெம்பு.

உள்ளே 112-ஆவது பிரிவில் வாக்குமூலம் எடுப்பார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சாட்சி என்ற முறையில் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர். ஆனால், சொன்னால் உங்கள் மேலேயே குற்றம் வந்துவிடும் என்கிற கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கச் சட்டமே இடம் தருகிறது. அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை: “சாயா ஆக்கான் ஜாவாப் டி மாஹ்காமா.” நான் கோர்ட்டில் பதில் சொல்கிறேன். பொய் சொல்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

சொன்னதை அவர்கள் மலாயில் எழுதுவார்கள் அல்லது கம்ப்யூட்டரில் அடிப்பார்கள். முடிந்ததும் நீங்கள் பேசிய மொழியிலேயே உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், திருத்தச் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். அதற்கு அப்புறம்தான் கையெழுத்து. மலாய் சரியாக வராது என்றால் வெட்கப்படாதீர்கள். “சாயா மிந்தா ஜுருபஹாசா தமிழ்” என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்கலாம்.

வேறொரு மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வெட்டுக்காரருக்கு நடந்தது இது. கடைக்கு முன்னால் நடந்த ஒரு அடிதடியைப் பற்றி அவரை விசாரித்தார்கள். “சத்தம் கேட்டுச்சு, வெளியே வந்தேன், எல்லாம் முடிஞ்சிருச்சு” என்று தமிழும் மலாயும் கலந்து சொன்னார். எழுதியவர் “டெங்கார்” என்று எழுத வேண்டிய இடத்தில் “நம்பாக்” என்று எழுதிவிட்டார். கேட்டேன் என்பது பார்த்தேன் என்று ஆகிவிட்டது. மாலை ஆறு மணி, வீட்டுக்குப் போகிற அவசரம், நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். ஒன்றரை வருஷம் கழித்து கோர்ட்டில், “யாரை யார் அடித்ததைப் பார்த்தீர்கள்?” என்று கேட்டபோது அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். இரண்டு பக்கத்து வக்கீல்களும் அவரைப் பொய்யராக்கினார்கள். அவர் பொய்யே சொல்லவில்லை.

அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தப்பு இருந்தால் கோடு போட்டுத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். கடைசி வரிக்குக் கீழே வெறும் இடம் இல்லாமல் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் வேண்டாம்.

கைது என்றால்: முதல் 24 மணி நேரம்

கைது செய்த நேரத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம் இல்லாவிட்டால் கேளுங்கள். அந்த நிமிஷத்தில் இருந்து ஒரு கடிகாரம் ஓடுகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் உங்களை விட வேண்டும், அல்லது மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்புச் சட்டம் தந்த பாதுகாப்பு. எந்த அதிகாரியின் தயவும் அல்ல.

அந்த நேரத்துக்குள் உங்களுக்கு உள்ளவை, 2007-இல் நடைமுறைக்கு வந்த 28ஏ பிரிவில் தெளிவாக இருக்கின்றன. காரணம் சொல்ல வேண்டும். விசாரணை தொடங்குவதற்கு முன்பே, உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லவும், ஒரு வக்கீலிடம் பேசவும் உரிமை உண்டு என்று போலீசே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்டால் அதற்கு வசதி செய்து தர வேண்டும், அதற்குக் காசு கிடையாது. வக்கீல் வந்து சேர நியாயமான நேரம் காத்திருந்துதான் கேள்வி கேட்க வேண்டும். கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள் அல்லது யார் உயிருக்காவது ஆபத்து என்று துணை சூப்பரிண்டெண்டன்ட் தரத்துக்குக் குறையாத அதிகாரி முடிவு செய்தால் மட்டும் இதைத் தள்ளிவைக்கலாம்.

வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும், வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவை:

“சாயா மாவு டெலிஃபோன் கெலுவார்கா.”
“சாயா மாவு ஜும்பா பெகுவாம்.”

உங்கள் போனை முதலிலேயே வாங்கிவிடுவார்கள். அப்போது எத்தனை பேருக்கு வீட்டு நம்பர் மனப்பாடமாகத் தெரிகிறது? ஒரு பையன் லாக்கப்பில் இருந்து மூன்று நம்பரைத் தப்பாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தோட்டத்துக் கடை போர்டில் எழுதியிருந்த நம்பரை ஞாபகப்படுத்திச் சொன்னான். கடைக்காரர் ஓடிப்போய் அவன் அம்மாவிடம் சொன்னார். அம்மா நம்பர், இன்னொருவர் நம்பர் என்று இரண்டையாவது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுங்கள்.

கைதானவருக்கு வாய் மூடி இருக்க உரிமை உண்டு. பேரும் விலாசமும் சொல்லுங்கள். குற்றத்தைப் பற்றிக் கேட்டால், வக்கீலிடம் பேசும்வரை “சாயா ஆக்கான் ஜாவாப் டி மாஹ்காமா” போதும். “ஒத்துக்கோ, உடனே விட்டுடறோம்” என்றாலும் “உன் கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிட்டான்” என்றாலும் அதேதான். யாரும் உங்களை அடிக்கக்கூடாது, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் வைக்கக்கூடாது. உடம்பு சரியில்லை, சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு என்றால் முதலிலேயே சொல்லுங்கள்.

2009 ஜனவரியில் ஏ. குகன் என்ற 22 வயது இளைஞர் போலீஸ் காவலில் இறந்தது நம் சமூகத்துக்கு ஆறாத காயம். 2013-இல் உயர்நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பிடிபட்ட முதல் நாளே குடும்பத்துக்குத் தெரிந்து, வக்கீல் வந்து, மாஜிஸ்திரேட் நேரில் பார்ப்பது ஒருவர் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சொல்கிறேன்.

குடும்பம் செய்ய வேண்டியது

ஸ்டேஷனுக்குக் கூட்டமாகப் போய்ச் சத்தம் போடாதீர்கள். அப்பாவோ அம்மாவோ, கூட மலாய் தெரிந்த ஒருவர், அவ்வளவு போதும். நான்கு விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் கைது? விசாரணை அதிகாரி, அதாவது பெகாவாய் பெஞியாசாட், யார், அவர் நம்பர் என்ன? எந்த லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள்? ரிமாண்டுக்கு எந்தக் கோர்ட், எத்தனை மணி? பிடித்த ஸ்டேஷனிலேயே ஆள் இருக்க வேண்டும் என்றில்லை. மாவட்டத் தலைமையக லாக்கப்புக்கு மாற்றியிருப்பார்கள். ஒரு அம்மா காலையில் இருந்து மத்தியானம் வரை ஒரு கேட்டில் நின்றார். மகன் அதற்குள் வேறு ஊரில் ரிமாண்ட் முடிந்து உள்ளே போய்விட்டான்.

அடுத்து வக்கீல். காசு இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 2012 ஏப்ரலில் இருந்து வேலை செய்யும் தேசியச் சட்ட உதவி அறவாரியம், அதாவது யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், கைது, ரிமாண்ட் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வக்கீல் தருகிறது. சம்பளச் சீட்டு கேட்பது வழக்கு விசாரணை வரைக்கும் போகும்போதுதான். மரண தண்டனைக் குற்றங்கள் அதில் சேராது. “ஒய்.பி.ஜி.கே. பெகுவாம் வேண்டும்” என்று ஸ்டேஷனிலும் சொல்லலாம், மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் உண்டு. எங்களுக்கு அது ஈப்போவில் இருக்கிறது.

பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், பிறப்புப் பத்திரத்தோடு போங்கள். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக்கூடாது, சிறார் நீதிமன்றம் வேறு. 10 வயதுக்குக் குறைந்த குழந்தை செய்தது எதுவும் குற்றமே ஆகாது.

ரிமாண்ட்

24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். அதுதான் 117-ஆவது பிரிவு. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் தடவை 4 நாளுக்கு மேல் கிடையாது, இரண்டாம் தடவை 3 நாளுக்கு மேல் கிடையாது. 14 ஆண்டும் அதற்கு மேலும், அல்லது மரண தண்டனை என்றால் 7 நாள், அப்புறம் 7 நாள். சோஸ்மா என்கிற 2012-ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்தால் கணக்கு வேறு: போலீசே 28 நாள் வரை வைத்திருக்கலாம். அதனால்தான் எந்தச் சட்டம் என்று முதலிலேயே கேட்கச் சொன்னேன்.

அந்த எண்கள் எல்லாம் உச்சவரம்பு. நான்கு நாள் கேட்டால் நான்கு நாள் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இல்லை. உதிரிப்பழ கேஸில் பிடிபட்ட 19 வயதுப் பையன் ஒருவனுக்கு நான்கு நாள் கேட்டார்கள். இலவச வக்கீல் எழுந்து, சாக்கும் மோட்டாரும் ஏற்கனவே போலீசிடம் இருக்கிறது, பையனுக்கு நிரந்தர விலாசம் இருக்கிறது, அப்பாவுக்கு டயாலிசிஸ், இவன்தான் அழைத்துப் போகிறவன் என்று சொன்னார். மாஜிஸ்திரேட் இரண்டு நாள் கொடுத்தார். வக்கீலுக்கு அந்த விவரத்தைச் சொன்னது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா. குடும்பம் அங்கே இல்லாவிட்டால் அதை யார் சொல்லியிருப்பார்கள்?

வக்கீல் இல்லாவிட்டாலும் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் பேசலாம். அடித்திருந்தால் அங்கேயே சொல்லுங்கள், காயத்தைக் காட்டுங்கள், டாக்டரிடம் அனுப்பக் கேளுங்கள். வீட்டுக்குப் போன் பண்ண விடவில்லை, சாப்பாடு தரவில்லை, மருந்து வேண்டும் என்றாலும் அதுதான் சொல்ல வேண்டிய இடம். போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கிறாரே என்று பயமாக இருக்கும். அந்த அறையில் மாஜிஸ்திரேட்டுக்கு மேல் யாரும் இல்லை என்பதை நினைத்துக்கொண்டு பேசுங்கள்.

குற்றம் சாட்டினால்

கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படித்து, ஒப்புக்கொள்கிறாயா, விசாரணை கேட்கிறாயா என்று கேட்பார்கள். தமிழில் கேட்க மொழிபெயர்ப்பாளர் உண்டு. நான் அதிகம் வருத்தப்படுவது இந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான். “ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டு இன்னைக்கே போயிடலாம்” என்று பக்கத்தில் நிற்கும் இன்னொரு கைதி சொல்வான், பையன் தலையாட்டிவிடுவான். திருட்டுக்கான தண்டனைச் சட்டத்தின் 379-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. சிறை இல்லாமல் தப்பித்தாலும் பேரில் ஒரு ரெக்கார்டு ஏறும். அப்புறம் செக்யூரிட்டி வேலை, லாரி, பஸ் லைசென்ஸ், அரசாங்க வேலை, சிங்கப்பூர் வேலை எல்லாவற்றிலும் அது குறுக்கே நிற்கும். செய்யாததை ஒப்புக்கொள்ளாதீர்கள். செய்திருந்தாலும் வக்கீலிடம் பேசாமல் பதில் சொல்லாதீர்கள். “வக்கீல் வைக்க நேரம் வேண்டும்” என்று சொன்னால் தேதி தள்ளிவைக்கக் கேட்கலாம். ஜாமீனுக்கு ஐசியோடு ஒருவர், கொஞ்சம் பணம் தயாராக இருக்கட்டும். ஜாமீன் தர முடியாத குற்றம் என்றாலும் பெண்கள், 16 வயதுக்குக் குறைந்தவர்கள், நோயாளிகளுக்கு ஜாமீன் தரச் சட்டத்தில் இடம் உண்டு என்பதை வக்கீலுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்தவர்களுக்கு

காரணம் கேட்பது, வக்கீலைக் கேட்பது எல்லாம் உங்களுக்கும் உண்டு. ஆனால் குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்டால் அந்த 24 மணி நேரம் 14 நாள் ஆகிவிடும். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பது சட்டப்படி தவறு. குறைந்தது பாஸ்போர்ட், பெர்மிட் இரண்டின் நகலையாவது எப்போதும் கையில் வையுங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்களே ரிப்போர்ட் கொடுக்கப் போனால்

நம் ஆட்கள் பிடிபடும்போது மட்டும் அல்ல, புகார் கொடுக்கப் போகும்போதும் தயங்குகிறார்கள். குற்றம் மலேசியாவில் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் ரிப்போர்ட் எடுக்க வேண்டும். “அது எங்க ஏரியா இல்லை” என்றால் மரியாதையாக 107-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். நகல் இல்லாமல் வெளியே வராதீர்கள். நான்கு வாரம் கழித்தும் சேதி இல்லை என்றால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு எழுத்தில் கொடுக்கலாம். பெரிய குற்றங்களில் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று 107ஏ பிரிவு சொல்கிறது.

போலீஸ் மேலேயே புகார் என்றால், அடிபட்டிருந்தால் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி. காயத்தைப் போட்டோ எடுங்கள். வேறொரு ஸ்டேஷனில் ரிப்போர்ட் செய்யுங்கள். போலீசுக்குள்ளேயே ஜே.ஐ.பி.எஸ். என்ற ஒழுங்குப் பிரிவு இருக்கிறது. வெளியே, போலீஸ் மேல் வரும் புகார்களைப் பார்க்க 2023 ஜூலை 1-இல் தொடங்கிய ஐ.பி.சி.சி. ஆணையமும், மனித உரிமை ஆணையமான சுஹாக்காமும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி விவரத்தை, தேதி, நேரம், பேர், சாட்சி எல்லாம் போட்டு அனுப்புங்கள். மறந்துபோவதற்கு முன்பே, அன்றைக்கு இரவே எழுதிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பள்ளிக்கூட நோட்டில் இருந்து ஒரு துண்டுத் தாள் கிழித்துப் பிள்ளையின் பர்சில் ஐசிக்குப் பின்னால் வையுங்கள். முன்பக்கம் அம்மா நம்பர், அண்ணன் நம்பர், ரத்த வகை, சாப்பிடும் மருந்து. பின்பக்கம் தமிழ் எழுத்திலேயே இந்த ஐந்து வரி:

சாயா டித்தாங்காப் கே?
அத்தாஸ் கெசாலாஹான் ஆப்பா?
சாயா மாவு டெலிஃபோன் கெலுவார்கா.
சாயா மாவு ஜும்பா பெகுவாம்.
சாயா ஆக்கான் ஜாவாப் டி மாஹ்காமா.